எருக்கிலை மேல் வைத்த கால்

சூடான பாத்திரத்தைத் தெரியாமல் தொட்டுவிட்டால் முதலில் நடப்பது எது? கை பின்வாங்குவதா, நாம் ‘அய்யோ’ என்று கத்துவதா? பத்தாம் வகுப்புக்கு நரம்பு மண்டலம் பாடம் எடுக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியோடுதான் தொடங்குவேன். பாதி வகுப்பு, கத்துவதுதான் முதலில் என்று கை தூக்கும். மீதிப் பாதி எந்தப் பக்கம் ஆள் அதிகம் என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

பிறகு கரும்பலகையில் ஒரு கையையும் ஒரு முதுகெலும்பையும் வரைவேன். தோலில் பட்ட சூட்டை உணர்ச்சி நரம்பு தண்டுவடத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கே இடையில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன நியூரான் அதை வாங்கி இயக்க நரம்பிடம் தள்ளிவிடுகிறது. இயக்க நரம்பு தசைக்கு வந்து, ‘இழு’ என்கிறது. கை இழுத்துக்கொள்கிறது. சேதி தண்டுவடத்தின் வழியே மேலே ஏறி மூளைக்குப் போய்ச் சேர்வது அதற்கு அப்புறம்தான். சுடுகிறது என்று நமக்குத் தெரிவதும், ‘அய்யோ’ என்பதும் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான். இதற்கு அனிச்சைச் செயல் என்று பெயர். பரீட்சையில் ஐந்து மார்க்குக்குத் தவறாமல் வரும்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். பாடம் புரியாமல் தலையாட்டுகிற பிள்ளைகளைக் கண்டால் ஆகவே ஆகாது. “புரியலன்னா புரியலன்னு சொல்லு, இன்னாத்துக்கு மண்டைய மண்டைய ஆட்டுற?” என்று கத்தியிருக்கிறேன். கள்ளக்குறிச்சியில் என்னிடம் படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

என் அண்ணனுக்கு அடிபட்ட வருடம் ஐம்பத்திரண்டு வயது. சொந்த ஊரான வடக்கனந்தலில் எங்களுக்கு இருந்த நிலத்தில் கரும்பும் மரவள்ளியும் போட்டுக்கொண்டிருந்தார். மாசி, பங்குனியில் கல்வராயன் மலையில் புளியமரம் குத்தகைக்கு எடுத்து உலுக்கப் போவார். ஆள் விட்டால் காயோடு கிளையையும் ஒடித்துப்போடுவார்கள் என்று அவரே மரத்தில் ஏறுவார். அண்ணி எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறார். “வயசு இன்னா ஆவுது, இன்னும் குரங்கு மாதிரி ஏறிக்கினு” என்பார். அண்ணன் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அந்த வருடம் வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு மரத்தில் கால் வைத்திருந்த கிளை முறிந்தது. கீழே இருந்தது பாறை. மல்லாந்து விழுந்தார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டிவைத்திருந்தார். நடுமுதுகில் ஒரு முள்ளெலும்பு நொறுங்கி உள்பக்கம் தள்ளியிருந்தது. தண்டுவடம் நம் சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். மூளைக்கு அடியில் தொடங்கி, முள்ளெலும்புகளின் ஓட்டைக்குள் பத்திரமாக இறங்கி, இடுப்புக்குக் கொஞ்சம் மேலேயே முடிந்துவிடும். வழிநெடுக இரண்டு பக்கமும் முப்பத்தொரு ஜோடி நரம்புகள் பிரிந்து போகும். எந்த ஜோடி உடம்பில் எந்தப் பகுதிக்குப் போகிறது என்று எனக்கு மனப்பாடம். அந்த நொறுங்கிய இடத்திலிருந்து என் கண் தானாகக் கீழே எண்ணிக்கொண்டு போனது. தொப்புள், இடுப்பு, தொடை, முழங்கால், பாதம். எல்லாமே அந்த இடத்துக்குக் கீழே.

“இன்னா சொல்றாரு? நீ படிச்சவ, எனக்குப் புரியற மாதிரி சொல்லு டீச்சரம்மா” என்றார் அண்ணி. அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். வேலை கிடைத்த புதிதில் கேலியாக ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது.

“நம்ம கெணத்து மோட்டாரு இருக்குது இல்ல அண்ணி. மோட்டாரு நல்லாத்தான் இருக்குது. கம்பத்துல இருந்து வர்ற ஒயரு நடுவுல நசுங்கிப் போச்சு.”

“ஒயர ஒட்டுப்போட்டுட்டா ஓடிடும் இல்ல?”

நான் டாக்டரைப் பார்த்தேன். “சில பேருக்குக் கொஞ்சம் திரும்பி வரும், சில பேருக்கு வராது. ஆறு மாசம் போகட்டும்மா, பார்க்கலாம்” என்றார் அவர். அண்ணி காதில் ‘வரும்’ மட்டும்தான் விழுந்தது. என்ன சொல்வது, எனக்கும் அன்றைக்கு அது மட்டும்தான் விழுந்தது.

ஆபரேஷன் செய்து, முதுகில் பிளேட் வைத்து, ஒன்றரை மாதம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கூடத்தில் ஜன்னலோரம் கட்டிலைப் போட்டோம். அண்ணனுக்குத் தொப்புளுக்குக் கீழே எதுவும் தெரியாது. கால் இரண்டும் நனைந்த துணி மாதிரி கிடந்தன. தூக்கினால் தூக்கின பக்கம், விட்டால் விட்ட பக்கம். அண்ணி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைத் திருப்பிப் படுக்கவைத்தார். மூத்திரக் குழாயைப் பார்த்துக்கொண்டார். முதுகில் ஒரு சின்னச் சிவப்பு தெரிந்தால்கூட விடமாட்டார். மகளைச் சின்னசேலத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் கைக்குழந்தையோடு வந்து எத்தனை நாள் இருக்க முடியும்? எல்லாம் அண்ணி ஒருத்தர்தான். கிராமத்து நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரியில்கூட இவ்வளவு சுத்தமாக வைத்திருக்க மாட்டார்கள் என்றார். ஆனால் அண்ணி அந்த வீட்டில் சிரித்து நான் பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்தில் நரம்பு என்றால் ரத்தம் ஓடுகிற குழாய் என்றுதான் எல்லாருக்கும் நினைப்பு. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அதிலும், ரத்தம் கட்டிக்கொண்டதால் நரம்பு மரத்துவிட்டது, சூடு காட்டினால் இளகிவிடும் என்றுதான் முக்கால்வாசிப் பேர் சொன்னார்கள். குதிகால் வலிக்கு எங்கள் வீடுகளில் செய்கிற வைத்தியம் ஒன்று உண்டு. செங்கல்லை அடுப்பில் சுட வைத்து, அதன்மேல் எருக்கன் இலையைப் போட்டு, குதிகாலை அழுத்தி வைத்துக்கொள்ள வேண்டும். இலை வதங்கி ஆவி ஏறும். நானே செய்துகொண்டிருக்கிறேன். சுகமாக இருக்கும். அதைத்தான் அண்ணி ஆரம்பித்தார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை நேரம். நான் பஸ் இறங்கி வந்து அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அண்ணி முறத்தில் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து, கட்டிலின் கால்மாட்டில் பலகை மேல் வைத்தார். இலையைப் போட்டுத் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். “தாங்குற சூடுதான்” என்றார். கரும்பு வெட்டிக் காய்த்துப்போன கை அது. அண்ணனின் இடது காலைத் தூக்கி இலைமேல் வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. திடீரென்று கால் வெடுக்கென்று மடங்கி மேலே வந்தது.

“ஐயோ! இழுத்துக்கிச்சு! தா பாரு, இழுத்துக்கிச்சு!” அண்ணி கத்திய கத்தலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. “சுட்டுச்சாங்க? சொல்லுங்க, சுட்டுச்சா?”

அண்ணன் தன் காலைப் பார்த்தார். அப்புறம் அண்ணியைப் பார்த்தார். “சுருக்குனு இருந்துச்சு” என்றார்.

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறார், முந்தானையில் கண்ணைத் துடைக்கிறார், மறுபடி சிரிக்கிறார். மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறேன், அவரைக் கோயில் வாசல் வரைக்கும் நடத்திக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று வேண்டிக்கொண்டார். பிறகு என் முழங்காலைப் பிடித்து உலுக்கி, “இன்னா டீச்சரம்மா, வாயத் தொறந்து ஒண்ணு சொல்லேன்” என்றார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. பொய் சொல்லக் கூடாது, அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. அடிபட்ட இடத்துக்குக் கீழே இருக்கிற தண்டுவடம் செத்துப்போகவில்லை. சில வாரம் அதிர்ச்சியில் கிடந்துவிட்டு, மறுபடி தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. பாதத்தில் பட்ட சூடு தண்டுவடத்தின் அந்தக் கீழ்ப்பகுதிக்குப் போய், அங்கிருந்தே ‘இழு’ என்ற உத்தரவு திரும்பி வந்திருக்கிறது. மேலே போகிற வழிதான் நசுங்கிக் கிடக்கிறதே. மூளைக்கு எப்படித் தெரியும்? நான் வருடாவருடம் கரும்பலகையில் வரைகிற அதே படம், என் அண்ணன் கட்டிலில். அதுவும் போக, நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கால் இழுத்தபோது அந்த முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. கால் ஆடியதை அவர் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

ஆனால் அண்ணி சிரித்துக்கொண்டிருந்தார். பங்குனியிலிருந்து பார்க்காத சிரிப்பு. அண்ணனே சுருக்கென்றது என்கிறாரே, ஒருவேளை கொஞ்சம் கொஞ்சமாக வருகிறதோ என்று நானும் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். “நல்லதுதான் அண்ணி” என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அந்த இரண்டு வார்த்தை போதுமாக இருந்தது. “டீச்சரே சொல்லிட்டா” என்று அண்ணி அன்றைக்கே தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார்.

அதற்கப்புறம் காலையும் மாலையும் செங்கல்தான். அண்ணி பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டு வீடியோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். இடைவேளையில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பார்ப்பேன். இலைமேல் பாதம். வெடுக்கென்று ஒரு இழுப்பு. “இன்னிக்கு நேத்திக்கு மேல ஜாஸ்தி பாத்தியா?” என்று அண்ணியின் குரல். ஒரு வீடியோவில், கால் துள்ளித் துள்ளி வருகிறது என்று அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். இன்னொன்றில் அண்ணன் முகமும் வந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி கேட்ட பிறகு திரும்பி, “ம், சுடுது சுடுது” என்றார். நான் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பார்த்துவிட்டு, பதிலுக்குக் கைகூப்புகிற படத்தை அனுப்பினேன். மூன்று வாரம் ஊருக்கே போகவில்லை. பேப்பர் திருத்த வேண்டியிருக்கிறது என்று அண்ணியிடம் சொன்னேன்.

ஒரு வியாழக்கிழமை, முதல் பீரியடு முடிந்து வெளியே வரும்போது அண்ணியின் போன். குரலே வேறு மாதிரி இருந்தது. “குதிகாலுல கொப்புளம் மாதிரி வந்து ஒடைஞ்சிருக்குது. கறுப்பா இருக்குது. நாத்தம் வேற வருது. ஆனா அவருக்கு வலியே இல்லையாம். வலிக்காம எப்படி இருக்கும், நீ சொல்லு?” ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள், கள்ளக்குறிச்சிக்கு வந்துவிடுங்கள், நான் வாசலில் நிற்கிறேன் என்றேன்.

ஆஸ்பத்திரியில் இளம் வயது லேடி டாக்டர். குதிகாலைத் திருப்பிப் பார்த்தார். நடுவில் ஒரு பெரிய வட்டம், தோல் கறுத்து, வேகவைத்தது மாதிரி இருந்தது. ஓரத்தில் சீழ். “இது சூட்டுக் காயம். யாரு சூடு வச்சது?” என்று கேட்டார்.

“நான்தாங்க டாக்டரு. ஒத்தடம் குடுத்தேன். உணர்வு வந்துக்கினு இருந்துச்சுங்க. சூடு பட்டா கால இழுத்துக்கிறாருங்க. இவங்க டீச்சரு, இவங்களக் கேளுங்க” என்று என்னைக் காட்டினார் அண்ணி.

டாக்டர் என்னைப் பார்த்தார். என்ன பாடம் எடுக்கிறீர்கள் என்று கேட்டிருந்தால் அங்கேயே செத்திருப்பேன்.

செத்த சதையைச் சுரண்டி எடுக்க வேண்டும், எலும்பு வரைக்கும் போயிருந்தால் பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அண்ணி மேசையோரமாக நின்று அண்ணனின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். “மரத்துப்போற ஊசி போடலீங்களா?” என்று கேட்டார். “தேவைப்படாதும்மா” என்றார் டாக்டர். அண்ணிக்கு அது புரியவில்லை.

கத்தி பட்டதும் கால் வெட்டி இழுத்தது. நர்ஸ் கணுக்காலைப் பிடித்து அமுக்கினார். மறுபடி இழுத்தது. அண்ணி கண்ணை இறுக மூடிக்கொண்டு, “பொறுத்துக்குங்க, பொறுத்துக்குங்க, தோ ஆயிடுச்சு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த நேரத்தில் அண்ணன் என்னைப் பார்த்து, “ஏம் பாப்பா, கோமுகி டேமுல தண்ணி வுட்டுட்டாங்களாமா?” என்று கேட்டார்.

சாதாரணமாகத்தான் கேட்டார். டீக்கடையில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி. அண்ணி கண்ணைத் திறந்தார். அவர் முகத்தைக் குனிந்து பார்த்தார். கால் இன்னொரு தடவை துள்ளியது. அண்ணி காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி காலைப் பார்த்தார். முகத்தில் ஒன்றுமே இல்லை. கத்தி சதையில் இருந்தது, அண்ணன் டேம் பற்றிக் கேட்டதற்குப் பதில் எதிர்பார்த்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

எலும்பு தப்பியிருந்தது. கால் பிழைத்தது, ஆனால் அந்தப் புண் ஆறத் தை மாதம் ஆகிவிட்டது. நடை வரவில்லை. அண்ணன் இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறார். இதெல்லாம் அப்புறம் நடந்தது. அன்றைக்கு, கட்டுப் போட்டு வார்டில் படுக்கவைத்த பிறகு, அண்ணி என் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“இப்ப சொல்லு. கால் ஏன் இழுக்குது?”

சொன்னேன். கரும்பலகை இல்லை, சாக்பீஸ் இல்லை. அண்ணியின் முதுகில் என் விரலை வைத்துக் காட்டினேன். இங்கேதான் நசுங்கியது. சூடு பாதத்திலிருந்து இது வரைக்கும் வருகிறது, இங்கிருந்தே திரும்பிப் போய்விடுகிறது, காலை இழுக்கிறது. இதற்கு மேலே ஏறவில்லை. தலைக்குப் போனால்தான் அண்ணாவுக்குத் தெரியும் என்றேன். அண்ணி ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். என் வகுப்பில் இத்தனை வருடத்தில் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை.

“அப்ப இது காலு வர்றதுக்கு அடையாளமே கெடையாது?”

“இல்ல அண்ணி.”

“அவரு சுருக்குனு இருக்குதுன்னாரே. தெனமும் சொன்னாரே.”

அண்ணி விறுவிறுவென்று வார்டுக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன். கட்டிலுக்கு முன்னால் நின்று, “உங்களுக்குச் சூடு தெரிஞ்சுதா இல்லியா? என் தலைமேல சத்தியமா சொல்லுங்க” என்றார்.

அண்ணன் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தார். “தெரியல” என்றார்.

“ஒரு நாளு கூடவா?”

“ஒரு நாளும் தெரியல. நீ அன்னிக்கு எப்படிச் சிரிச்ச. அத எப்படிக் கெடுக்கறது? சொல்றேன் சொல்றேன்னு நாளு போயிடுச்சு.”

அண்ணி என் பக்கம் திரும்பினார். “உனக்கு எப்பத்துல இருந்து தெரியும்?”

“மொத நாளே தெரியும்” என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

அண்ணி கத்துவார் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் தன் உள்ளங்கைகள் இரண்டையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். “அவருக்கும் தெரிஞ்சிருக்குது. உனக்கும் தெரிஞ்சிருக்குது. எனக்கு மட்டும்தான் தெரியல” என்றார். “தெரிஞ்சிக்கினே ரெண்டு பேரும் என் கையாலயே அவரச் சுட வுட்டுட்டீங்க.”

அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எங்களையே பார்த்தார்கள். எனக்கு அழக்கூட யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

அப்போது நர்ஸ் மருந்துத் தட்டோடு வந்தார். நாலு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அப்புறம் தினமும் கட்டு மாற்ற வேண்டும், வீட்டில் யார் செய்வீர்கள், வந்து பழகிக்கொள்ளுங்கள் என்றார்.

“நான் பண்றேன் சிஸ்டர். லீவு போட்டுட்டு வந்துடறேன்” என்று முன்னால் போனேன்.

அண்ணி கையை நீட்டி என்னைத் தடுத்தார். “நீ வேணாம். உனக்குப் பாக்கத்தான் தெரியும்” என்றார். பிறகு புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, “எனக்குச் சொல்லிக்குடுங்கம்மா” என்று நர்ஸ் பக்கத்தில் போய் நின்றார்.